கிளீனரின் கையெழுத்து

மச்சான்,

இன்றைக்குக் காலையில் உன் கட்டையில் கால் விரலை இடித்துக்கொண்டேன். சுண்டு விரல். கடைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க வழக்கம்போல அதை அடியில் தள்ளி வைத்துவிட்டு, மூட்டை இறக்க வந்தவர் கூப்பிட்டாரே என்று திரும்பினேன். நேராக அதிலேயே போய் மோதினேன். படியில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக்கொண்டு, "செத்தும் என்னைய விடமாட்டியாடா" என்று உன்னைத் திட்டினேன். மூட்டைக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "மொதலாளி, நான் என்ன செஞ்சேன்?" என்றார். அவருக்குத் தேத்தண்ணிக் கடையில் ஒரு சாயத்தண்ணி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ண வேண்டியதாகிவிட்டது. அந்தச் செலவும் உன் தலையில்தான்.

பலாமரக் கட்டை. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கியது. தேயிலைக் கொழுந்து ஏற்றிய உன் லொறியின் பின்சக்கரம் அழுத்திய வரிகள் இன்னும் அதில் இருக்கின்றன. மழை நாளில் டீசலும் பச்சைக் கொழுந்தும் கலந்த அந்த மணம்கூட லேசாக வரும். தோட்டம் லொறியைப் பழைய இரும்புக்குத் தள்ளியபோது நீ இதை மட்டும் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாய். "ஒன் சாமான். நீதான் தூக்கித் திரிஞ்ச. நீயே வச்சுக்க" என்றாய். மாத்தளை டவுனில் நாலு கதவு வைத்த கடைக்கு உன் அன்பளிப்பு ஒரு பழைய கட்டை என்று எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

விரல் வலித்ததனால் மட்டும் இதை எழுதவில்லை. நேற்று உன் மகளுக்காக ஒரு கடதாசியில் கையெழுத்துப் போட்டேன். அதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

தர்ஷினிக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இராணுவச் செலவில். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். படித்து முடித்ததும் அவள் உடுப்புப் போட்ட டாக்டராக, அவர்கள் அனுப்பும் இடத்தில், பல வருஷம் வேலை செய்ய வேண்டும். இடையில் விட்டுவிட்டு வந்தால் செலவானதற்கு மேல் பல மடங்கு கட்ட வேண்டும். அவளால் முடியாவிட்டால் பிணை நின்ற இரண்டு பேர் கட்ட வேண்டும். ஒருவர் அவளுடைய பள்ளிக்கூட அதிபர். மற்றவன் நான்.

நீ இருந்திருந்தால் "ஆமியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாய். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே நெடுநேரம் ஒன்றும் பேசியிருக்க மாட்டாய். உன் அந்த மௌனத்துக்குத்தான் நான் இப்போது பதில் எழுதுகிறேன்.

உன் லொறிக்கு ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருந்தது. இழுத்தால் கையோடு வரும். எல்கடுவ மலையில் கொழுந்து நிறுக்கிற இடம் ஒவ்வொன்றும் சரிவு. லொறி நிற்கும் முன்பே நான் கட்டையோடு குதிக்க வேண்டும். நீ பிரேக்கை மிதித்தபடி பக்கக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பாய். நான் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைத் திணித்து, ஒரு உதை உதைத்து, தலையாட்டினால்தான் காலை எடுப்பாய். ஆறு வருஷம் நான் உனக்குக் கிளீனர். ஒரு தரமும் நான் தலையாட்டாமல் நீ காலை எடுத்ததில்லை. நான் தலையாட்டிய பிறகு ஒரு தரமும் நீ இறங்கி வந்து சரிபார்த்ததும் இல்லை.

வியாபாரம் அந்த லொறியிலேயே தொடங்கியது. வழியில் இருந்த வீட்டுத் தோட்டங்களில் சாதிக்காயும் கிராம்பும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, கொழுந்துச் சாக்குகளுக்குப் பின்னால் ஒளித்து டவுனுக்குக் கொண்டுபோவேன். உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நீயாகவே சொன்னாய், "லொறி தோட்டத்தோடது. அந்த மூலை என்னோடது. மூலையில வச்சுக்க, நடுவுல வைக்காத." அந்த மூலையில் இருந்துதான் நான் எழுந்தேன். யார் கேட்டாலும் என் சொந்தக் கையால் எழுந்தேன் என்றுதான் சொல்வேன், அது உனக்குத் தெரியும். ஆனால் கையை ஊன்றுவதற்கு அந்த மூலை இருந்தது.

என் அம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்த நாளைப் பற்றி உன் பெண்சாதி லெட்சுமியும் நானும் இந்த மாதம் பலமுறை பேசிவிட்டோம். மத்தியானக் கொழுந்தை இறக்கிய கையோடு அம்மாவைச் சாக்குகளின் மேல் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டவுனுக்குள் நுழையும் இடத்தில் செக்பொயின்ட். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அடையாள அட்டை கேட்டார்கள். என்னிடம் இல்லை. தோட்டத்து லய வீட்டில் பிறந்த என்னைப் பிறப்புக் கணக்கில் பதிய வேண்டும் என்று யாருக்கும் அன்று தோன்றியிருக்கவில்லை. பிறகு இரண்டு தரம் விண்ணப்பித்தும் வரவில்லை. "நீ எறங்கு, லொறி போகட்டும்" என்றார்கள். நீ என்னைப் பார்த்தாய். பின்னால் அம்மா மூச்சுக்குத் தவிக்கும் சத்தம். நான் தலையாட்டினேன். நீ காலை எடுத்தாய்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறாய். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. "நெஞ்சுக்குள்ள பூனை கத்துதுன்னு சொல்லுப்பா" என்றாள் அம்மா. நீ உன் லொறிச் சிங்களத்தில் அப்படியே சொன்னாய். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, பூனை எப்போது கடித்தது என்று கேட்டார். நீ அம்மாவிடம் திரும்பி அதையும் கேட்டாய். மூச்சு விட முடியாத நிலையிலும் அம்மா உன்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னாளாம். அதைக் கேட்டுத்தான் ஆள் பிழைத்துவிடுவாள் என்று உனக்குத் தைரியம் வந்ததாம். தர்ஷினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் கதையை உன் மடியில் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டாள். நாம் எல்லோரும் சிரிப்போம். அவள் மட்டும், "அப்புறம் அந்த டாக்டருக்கு யாரு சரியா சொன்னாங்க?" என்று கேட்பாள்.

நான் செக்பொயின்டில் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணி நேரம். யாரும் அடிக்கவில்லை. ஒருவர் தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆனால் என்னை எங்கே கொண்டுபோவார்கள், அம்மா இருக்கிறாளா இல்லையா, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். சாயங்காலம் உன் லொறியின் சத்தம் கேட்டது. நேராகத் தோட்டத்துக்குப் போயிருக்கலாம். போகாததற்குத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் ஏச்சு வாங்குவாய் என்றும் உனக்குத் தெரியும். ஒரு சோற்றுப் பார்சலோடு இறங்கி வந்தாய். மேசையில் இருந்தவர், இவனைத் தெரியும் என்று யார் சொல்வது என்று கேட்டார். நீ உன் லைசனை எடுத்து மேசையில் வைத்தாய். டிரைவருக்கு லைசன் போனால் கை போன மாதிரி. "இவனுக்கு நான் பொறுப்பு" என்று சிங்களத்தில் சொன்னாய்.

துரையின் கடிதம் வாங்கிக்கொண்டு போய்க் காட்டும்வரை ஒரு வாரம் லைசன் அங்கேயே இருந்தது. அந்த ஒரு வாரமும் வேறு ஒருவர் லொறி ஓட்டினார். நீ சாக்குத் தூக்கினாய். "எதுக்கு மச்சான் இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன். "புதுசா ஒருத்தனுக்குக் கட்டை போடப் பழக்கிக்குடுக்க எனக்குப் பொறுமை இல்ல" என்றாய். அதற்கு மேல் அதைப் பற்றி நீ பேசவே இல்லை.

ஆக, அந்த உடுப்பைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் அடையாள அட்டையைத்தான் கை தேடும். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அந்த உடுப்பை உன் மகள் போடப் போகிறாள் என்று லெட்சுமி ஆள் அனுப்பிச் சொன்னபோது, நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். பையைத் தொட்டுப் பார்த்தேன்.

உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதினாள். மருத்துவத்துக்கான மாத்தளை மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு ஒரு மயிரிழை குறைவு. மூன்றாம் தடவை எழுதலாம். அல்லது கிடைக்கிற வேறு படிப்புக்குப் போகலாம். அப்போதுதான் யாரிடமும் சொல்லாமல் அவள் போட்டிருந்த விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. கொழும்புக்கு நேர்முகத்துக்குப் போய்வந்ததையும் தாயிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். எடுத்துவிட்டார்கள். பதினைந்து நாளுக்குள் கையெழுத்தோடு கடதாசி போக வேண்டும்.

வீட்டுக்குப் போனேன். லெட்சுமி அன்று மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. அடுப்படியில் இருந்தபடியே பேசினாள்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. ஒங்கள ஒக்கார வச்சது மறந்துருச்சா?"

"மறக்கல லெட்சுமி."

"அப்ப இவகிட்ட சொல்லுங்க. முடியில நர விழுற வரைக்கும் அவங்க சொல்ற எடத்துலதான் நிக்கணுமாம். கண்காணாத எடமெல்லாம் போகணுமாம். பொட்டப்புள்ள."

தர்ஷினி சுவரோடு சாய்ந்து நின்றாள். உன்னைப் போலவே, பேசுவதற்கு முன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, அன்னைக்கு அந்த மேசையில தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் இருந்திருந்தா?"

"நாலு மணி நேரம் அரை மணி நேரமா ஆகியிருக்கும்."

"அப்ப அதுதான்."

"அது இல்லம்மா. அந்த அரை மணி நேரமும் எனக்கு வேண்டாத அரை மணி நேரந்தான்."

"சரி. அதையும் சேத்து வச்சுக்கிறேன்" என்றாள், ஏதோ மனதுக்குள் ஒரு பையில் போட்டுக்கொள்கிற மாதிரி.

அப்போதுதான் நான் என் பங்கைச் சொன்னேன். வெளிநாட்டில் படிக்க வைக்கிறேன், முழுச் செலவும் என்னுடையது, திருப்பித் தர வேண்டாம், கடதாசி வேண்டாம், கையெழுத்து வேண்டாம். லெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். தர்ஷினி மட்டும், "யோசிச்சு சொல்றேன் மாமா" என்றாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இத்தனை பெரிய காரியத்துக்கு யோசனையா?

உன்னிடம் மறைக்க மாட்டேன். என் மனதில் இன்னொன்றும் இருந்தது. தம்புள்ளைப் பக்கத்து வியாபாரத்தை இப்போது என் மகன் பிரதீபன்தான் பார்க்கிறான். நல்ல பிள்ளை, படிப்பு ஏறவில்லை. வீட்டுக்குள் ஒரு டாக்டர் வந்தால் என்ன என்று எனக்கும் என் பெண்சாதிக்கும் ஆசை. அவள் அதை லெட்சுமியிடம் ஜாடையாகச் சொல்லியும் வைத்திருக்கிறாள். நான் அதைத் தனியாக ஒரு பக்கம் வைத்திருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நண்பனின் மகளுக்குச் செய்கிறேன், அவ்வளவுதான் என்று. நான் வியாபாரி மச்சான். என்னையே ஏமாற்ற எனக்கு நன்றாக வரும்.

நாலு நாள் கழித்துக் கடைக்கு வந்தாள். நான் அலுவிகாரைப் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "ஏறு, போற வழியில பேசுவோம்" என்று வேனில் ஏற்றிக்கொண்டேன்.

நான் மிளகு வாங்குகிற விதம் உனக்குப் பிடிக்காது. சரம் பச்சையாகத் தொங்கும்போதே, காய் முற்றும் முன்பே, கொடியோடு விலை பேசிவிடுவேன். வீட்டுக்காரருக்கு அவசரத் தேவை இருக்கும். எனக்கு அவசரம் இருக்காது. பேசி முடிந்ததும் கொடி ஏறியிருக்கும் மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்தால் மாத்தளையில் வேறு எந்த வியாபாரியும் அந்த மரத்தடிக்கு வரமாட்டான். அறுவடை வரைக்கும் விலை ஏறினால் எனக்கு லாபம். பெரும்பாலும் ஏறும். ஒரு தரம் உன் லயத்துக்குப் பின்னால் இருந்த நாலு கொடிக்கும், நீ இல்லாத நேரம் லெட்சுமியிடம் பேசி, கோடு போட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் மரம் தென்னந்தும்பால் தேய்த்துக் குளிப்பாட்டின மாதிரி சுத்தமாக இருந்தது. நீ பக்கத்தில் குந்தியிருந்தாய். "பழுக்கட்டும், பேசுவோம்" என்றாய். ஒரு மாதம் நான் உன்னோடு பேசவில்லை. கடைசியில் அறுவடை நாளின் விலைக்கு அந்த மிளகை என்னிடமே விற்றாய். ஏன் இப்படி என்று கேட்டதற்கும் அதே சிரிப்பு.

அலுவிகாரை வீட்டுக்கார அம்மாவுக்கு மழைக்கு முன் கூரைத் தகடு மாற்ற வேண்டும். நான் கொடியைச் சுற்றி வந்தேன். இந்தப் பக்கம் வெயில் போதாது, அந்தக் கொடியில் இலை பழுத்திருக்கிறது என்று சிங்களத்தில் ஒவ்வொரு குறையாகச் சொன்னேன். அந்த அம்மா விலையில் இறங்கி வந்தார். கோடு போட்டேன். தர்ஷினி வேனில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது கேட்டாள். "மாமா, அந்தக் கோடு மழையில அழிஞ்சுருமே?"

"அழியட்டும். அதுக்குள்ள எல்லாத்துக்கும் தெரிஞ்சுரும்."

"அந்தம்மா மனசு மாறினா?"

"மாற மாட்டாங்க. வாக்குக் குடுத்துட்டாங்களே."

"எதுல எழுதியிருக்கு?"

"எதுலயும் எழுதல. அதுனாலதான் மாற முடியாது."

சொல்லி முடித்ததும் எனக்கே விளங்கிவிட்டது, இவள் என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் என்று. வேனை ஓரமாக நிறுத்தினேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆமிக் கடதாசியில எத்தன வருஷம்னு இருக்கு மாமா. நடுவுல வெளிய வந்தா என்ன வெலைன்னும் இருக்கு. நீங்க குடுக்கறேன்னு சொன்னதுல ரெண்டும் இல்ல."

நான் இஞ்சினை அணைத்தேன்.

"அத்தை அம்மாகிட்ட பேசினது எனக்குத் தெரியும். பிரதீபன் அண்ணன் நல்லவரு. அவரை நான் அண்ணன்னுதான் கூப்பிடுறேன். என்னைக்காவது வேணாம்னு சொல்ல வேண்டி வந்தா, ஒங்க காசுல படிச்ச டாக்டரா நான் அதை எப்படிச் சொல்லுவேன்?"

"நான் அப்படிக் கேக்க மாட்டேம்மா."

"நீங்க கேக்க மாட்டீங்க. நான் ஒங்க முகத்தப் பாப்பேன்." பிறகு கொஞ்சம் சிரித்தாள். "நீங்க பிஞ்சுலயே வெல பேசுற ஆளு மாமா. அப்பா சொல்லியிருக்காரு."

முப்பது வருஷ வியாபாரத்தில் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. கோபம் வந்தது, அதற்கடியில் வெட்கம். ஆனாலும் விடவில்லை. "ஆமியும் பிஞ்சுலதானே வெல பேசுது?" என்றேன்.

"ஆமா. அதனாலதான் ஒவ்வொரு வரியா கேட்டுட்டுக் கையெழுத்துப் போடப் போறேன். நீங்க கூட வாங்க. எப்படியெல்லாம் ஏமாத்தலாம்னு ஒங்களுக்குத் தெரியும். அப்படி ஏதும் இருந்தா கண்டுபிடிச்சிருவீங்க."

இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

சட்டம் படித்த புரொக்டர் ஒருவரை எனக்குத் தெரியும், அவரிடம் போனோம். ஒரு மத்தியானம் முழுக்க அவர் மேசையில் அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேற்படிப்புக்கு விடுவார்களா, விட்டால் வருஷம் கூடுமா என்று அவள் கேட்டாள். பரீட்சை தவறினால், நோய் வந்தால், கல்யாணம் கட்டினால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். சிலதுக்குத் தெளிவான பதில் இருந்தது. சிலதுக்கு, மேலிடம் அன்றைக்கு முடிவு செய்யும் என்று இருந்தது. அந்த இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டாள். ஏழெட்டுக் கோடு விழுந்தது. என் வியாபாரத்தில் ஒரு கடதாசியில் இத்தனை கோடு விழுந்தால் எழுந்து வந்துவிடுவேன்.

கடைசியில் அவளே கேட்டாள். "பிணை நிக்கிறவர் நடுவுல செத்துட்டா?"

"வேற ஒருத்தரக் கொண்டுவரச் சொல்லுவாங்க" என்றார் புரொக்டர்.

தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, சீனி வியாதிக்கு மருந்த ஒழுங்கா போடுங்க."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, முடிவு என்ன என்று கேட்டேன். மூன்றாம் தடவை எழுது, என் காசு வேண்டாம், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றும் சொன்னேன். இந்தத் தடவை உண்மையாகவே சொன்னேன்.

"மூணாவது தடவ எழுதினா அம்மா இன்னும் ஒரு வருஷம் மலை ஏறணும். போன தடவையும் கிடைக்கும்னுதான் நெனச்சேன்" என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "பயமாத்தான் இருக்கு மாமா. எந்த எடத்துல, யாருக்கு மருந்து குடுக்கச் சொல்லுவாங்கன்னு தெரியாது. என்னையப் பாத்துப் பையத் தொட்டுப் பாக்கிற ஆளும் இருப்பாங்க, ஒங்கள மாதிரி. ஆனா எனக்கு டாக்டராகணும். அப்பா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்தப்ப நான் பக்கத்துல இருந்தேன். என்ன செய்யணும்னு தெரியாம தண்ணி குடுத்தேன்."

நீ போன இந்த மூன்று வருஷத்தில் அவள் அந்த நாளைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் சொன்னபோது என் பெண்சாதி, "ஒங்க கூடப் பொறந்த தம்பிக்கே பிணைக் கையெழுத்துப் போடலையே" என்றாள். உண்மை. யாருக்கும் போட்டதில்லை. தம்பி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான். கடையை இழந்தவர்களை எல்லாம் எனக்குத் தெரியும். பாதிப் பேர் சொந்த வியாபாரத்தில் இழக்கவில்லை, இன்னொருவருக்குப் போட்ட கையெழுத்தில் இழந்தார்கள். பெரிய மனது என்று நினைத்துவிடாதே. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் யோசித்தேன். அவள் நடுவில் விட்டால் என்ன ஆகும், கடை தாங்குமா, பிரதீபனுக்கு என்ன மிஞ்சும். அவனிடமே கேட்டேன். "தர்ஷினிதானே, போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தக்காளி லொறிக்குப் பின்னால் போய்விட்டான். அவன் மனதில் அந்த மற்ற விஷயம் ஒருபோதும் இருந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் பெண்சாதியும்தான் கோடு போட்டிருக்கிறோம்.

ஆனால் மச்சான், எத்தனை யோசித்தாலும் ஒரு இடத்தில் வந்து நின்றுவிடும். அந்த மேசை. அதன் மேல் உன் லைசன். நீ அன்றைக்கு எத்தனை நாள் யோசித்தாய்? பார்சலை இடது கைக்கு மாற்றினாய், வலது கையைப் பையில் விட்டாய். அவ்வளவு நேரம்தான்.

நேற்று, கையெழுத்தை உறுதிப்படுத்துகிற சமாதான நீதவானிடம் போனோம். லெட்சுமி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. "எனக்குப் புடிக்கல அண்ணே. ஆனா அவ நல்லா இருக்கணும்" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். எனக்கும் அதேதான்.

நீதவான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பெயர், தொழில், சொத்து விபரம் எல்லாம் எழுதினார். அடையாள அட்டையைக் கேட்டார். எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பழக்கத்தில் சட்டைப் பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர் பார்க்கவில்லை, தர்ஷினி பார்த்தாள். பிறகு, "விண்ணப்பதாரிக்கு நீங்க என்ன உறவு?" என்றார்.

மாமா என்று அவள் கூப்பிடுகிறாள், இரத்த உறவு இல்லை. முதலாளி என்று ஊர் கூப்பிடுகிறது, அது அவளுக்கு உறவு இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இவ அப்பாவோட லொறியில கிளீனர்."

நீதவான் பேனாவைப் பிடித்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்போதுதான் என் கடையையும் வீட்டு வளவையும் வேனையும் எழுதி முடித்திருந்தார். "குடும்ப நண்பர்னு போடுறேன்" என்றார். போடட்டும். அவருக்குத் தெரிந்ததை அவர் எழுதினார்.

கையெழுத்துப் போடக் குனிந்தேன். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது தர்ஷினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் நீ பார்ப்பாயே, அதே பார்வை. நான் தலையாட்டினேன். அப்புறம்தான் அவள் பேனாவை வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டாள்.

அடுத்த மாதம் போகிறாள். முதலில் பயிற்சியாம், முடியைக் குட்டையாக வெட்டச் சொல்வார்களாம். லெட்சுமி இரண்டு நாளாக அதற்காக மட்டும் அழுகிறாள். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அழுகிறாள் என்று நினைக்கிறேன். நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. அவள் ஏறப்போகிற மலை உனக்கும் எனக்கும் தெரியாத மலை. எந்தச் சரிவில் நிற்பாள், எந்த இடத்தில் பின்னால் உருளும், ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அதையும் நீ கொடுத்த சம்பளத்தில்தான் பழகினேன்.

விரல் இப்போது நன்றாக வீங்கிவிட்டது. செருப்புப் போட முடியவில்லை. கட்டையைத் தூக்கி உள்ளே வைக்கட்டுமா என்று மூட்டைக்காரர் கேட்டார். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.